ஒரே வாசல், இரண்டு கட்டணம்

வெளியூர் பார்க்கப் போகிறவர்களுக்கு முதல் நாளைப் போல் இன்னொரு நாள் வாய்ப்பதில்லை. கால் வலி தெரியாது. கையிலுள்ள பணமும் கரைந்திருக்காது. அன்று அந்த ஊர் வந்தவரை எப்படி நடத்துகிறதோ, அதுவே கடைசிவரை மனத்தில் நிற்கும். அன்றைய விக்டோரியா டெர்மினஸில் தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய நாளை மறக்காதவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மும்பையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர்கள் நால்வர், ஐந்து ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், 2026 பிப்ரவரியில் பாரிஸ் நகருக்குச் சென்றார்கள். குளிர்காலத்தில் விமானக் கட்டணம் குறைவு என்பதே அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். நால்வரில் மூத்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மற்றவர்களுக்கு அவர் 'அண்ணாச்சி'. செலவுக் கணக்கு எழுதும் நோட்டும் அவரிடந்தான் இருந்தது.

முதல் நாள் காலை அவர்கள் போனது நாத்ரதாம் தேவாலயத்துக்கு. 1163-ல் கட்டத் தொடங்கிய கோயில் அது. 2019 ஏப்ரல் 15-ஆம் தேதி அதன் கூரை பற்றி எரிந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. சுமார் 150 நாடுகளைச் சேர்ந்த மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேர் நன்கொடை கொடுத்தார்கள். 84 கோடி யூரோவுக்கு மேல் சேர்ந்தது. 2024 டிசம்பரில் கோயில் மறுபடியும் திறக்கப்பட்டது. அன்று வரிசையில் நின்ற நால்வரையும் யாரும் எந்த நாடு என்று கேட்கவில்லை. பையைச் சோதித்தார்கள், உள்ளே விட்டார்கள். கட்டணம் எதுவும் இல்லை.

அது தற்செயலாக நேர்ந்ததல்ல. கோயிலைத் திறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், பார்வையாளர்களிடம் ஐந்து யூரோ வசூலிக்கலாம் என்று பிரான்ஸ் நாட்டின் பண்பாட்டுத் துறை அமைச்சர் யோசனை சொன்னார். பழைய கோயில்களைப் பழுது பார்க்கப் பணம் வேண்டும் என்பது அவருடைய வாதம். திருச்சபை அதை ஏற்கவில்லை. தேவாலயங்களைப் பார்வையிடக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 1905-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதே கோயிலின் முறை என்று அந்தப் பேச்சு அத்தோடு நின்றுபோயிற்று.

வெளியே வந்த நண்பர்கள் கல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அடுத்துப் போக வேண்டிய இடம் லூவர் அருங்காட்சியகம். மோனாலிசா ஓவியம் இருப்பது அங்கேதான். சீன் ஆற்றங்கரையோடு நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. நால்வரில் இளையவர் கைப்பேசியை எடுத்து டிக்கெட் வாங்க முற்பட்டார். அதில் இரண்டு விலைகள் இருந்தன. ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்தைச் சேர்ந்தவர்களுக்கு 22 யூரோ. மற்றவர்களுக்கு 32 யூரோ. 2026 ஜனவரி 14 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. யூரோ நூறு ரூபாயைத் தாண்டிய காலத்தில், நால்வருக்கும் சேர்த்து நாலாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதல்.

"இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஆயிரம் ரூபாய்க்காகப் பின்வாங்குவதா?" என்றார் ஒருவர். "பணம் பெரிதில்லை தம்பி. காலையிலே கோயில்லே ஒருத்தரும் கேக்காத கேள்வியை இங்கே கேக்குறாங்களே, அதைச் சொல்லு" என்றார் அண்ணாச்சி.

அந்தக் கேள்வியை ஆராய்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

பிரெஞ்சு அரசின் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. லூவர் பழைய அரண்மனை. மழை நீர் ஒழுகுவதாக அதன் நிர்வாகமே முறையிட்டது. 2024-ல் சுமார் 87 லட்சம் பேர் வந்து போன இடம், நெரிசல் தாங்கவில்லை. மோனாலிசாவுக்குத் தனிக் கூடம் அமைப்பது உள்பட ஒரு பெரிய புதுப்பிப்புத் திட்டத்தை 2025 ஜனவரியில் குடியரசுத் தலைவர் மக்ரோன் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி பட்டப்பகலில் சில நிமிடங்களில் அரச நகைகள் திருட்டுப் போயின. காவலுக்கும் பணம் வேண்டும். உள்நாட்டு மக்கள் வரி கட்டி இதைக் காப்பாற்றுகிறார்கள். வெளிநாட்டார் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் என்ன என்று கேட்கிறார்கள்.

ஆனால் இந்த வாதம் முழுமையானதல்ல. வெளிநாட்டார் வரி கட்டுவதில்லை என்பது சரியில்லை. அவர் தங்கும் ஓட்டல் அறைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று பாரிஸில் சுற்றுலா வரி உண்டு. குடிக்கும் காப்பிக்கும் வாங்கும் ரொட்டிக்கும் விற்பனை வரி உண்டு. மேலும், ஐரோப்பியர் எல்லோரும் பிரான்சுக்கு வரி கட்டுகிறவர்களா? போர்ச்சுகலிலிருந்தோ போலந்திலிருந்தோ வருகிறவரும் 22 யூரோதான் கொடுக்கிறார். ஆகவே இது வரி பற்றிய கணக்கு அல்ல; கடவுச்சீட்டு பற்றிய கணக்கு.

அதைவிட முக்கியமான விஷயம், உள்ளே இருக்கும் பொருள்கள் யாருடையவை என்பது. பழைய பாபிலோனின் அரசன் ஹம்முராபியின் சட்டங்கள் பொறித்த கருங்கல் தூண் லூவரில்தான் இருக்கிறது. 1901-ல் ஈரானின் சூசா நகரில் தோண்டி எடுக்கப்பட்டது அது. எகிப்தியச் சிலைகளுக்கும் அங்கே குறைவில்லை. பாபிலோன் இருந்த மண்ணான ஈராக்கிலிருந்து வரும் ஓர் ஆசிரியர் தன் முன்னோரின் சட்டக் கல்லைப் பார்க்க 32 யூரோ கொடுக்க வேண்டும். அதே கல்லைப் பார்க்க ஜெர்மானியருக்கு 22 யூரோ போதும். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

லூவரின் வரலாறும் இதற்கு எதிராகவே பேசுகிறது. மன்னர்கள் மட்டும் பார்த்து மகிழ்ந்த கலைச் செல்வங்களை மக்களின் சொத்து என்று அறிவித்து, 1793 ஆகஸ்ட் 10-ஆம் தேதி புரட்சி அரசு அந்த அரண்மனைக் கதவைத் திறந்தது. 1922 வரை நுழைவுக் கட்டணமே கிடையாது. பிறப்பைப் பார்த்து மனிதரைப் பிரிக்கக் கூடாது என்று உலகுக்குச் சொன்ன நாடு, பிறந்த நாட்டைப் பார்த்து டிக்கெட் கொடுக்கலாமா?

இப்படிக் கேட்கும்போது இந்தியருக்குத் தயக்கம் வர வேண்டும். நண்பர்களில் மூன்றாமவர் அதைத்தான் சொன்னார்: "எலிபெண்டாவில் நாம் என்ன செய்கிறோம், அண்ணாச்சி?" அண்ணாச்சி பதில் பேசவில்லை.

எலிபெண்டா குகைக்கு இந்தியருக்கு நுழைவுக் கட்டணம் 40 ரூபாய், வெளிநாட்டாருக்கு 600. மாமல்லபுரத்திலும் அதே கணக்கு. தாஜ்மகாலில் இந்தியருக்கு 50 ரூபாய், வெளிநாட்டாருக்கு 1,100. அங்கே பாரிஸில் ஒன்றுக்கு ஒன்றரை. இங்கே ஒன்றுக்குப் பதினைந்தும் இருபத்திரண்டும். ஏழை உழைப்பாளியும் தன் நாட்டுச் சின்னத்தைப் பார்க்கும்படி உள்நாட்டுக் கட்டணத்தைக் குறைத்து வைப்பது சரிதான். அண்டை நாட்டாருக்குச் சலுகை தந்திருப்பதும் சரிதான். ஆனால் வெளிநாட்டார் என்றாலே செல்வந்தர் என்று முடிவு கட்டுவது எப்படிச் சரியாகும்? முதுகில் பையோடு வரும் மாணவரும், கென்யாவிலிருந்து வரும் பள்ளிக்கூட ஆசிரியரும் அந்தக் கவுண்டரில் 600 ரூபாயை எண்ணித்தான் கொடுக்க வேண்டும். பாரிஸில் பத்து யூரோ உறுத்துகிறவர்களுக்கு எலிபெண்டாவிலும் அது உறுத்த வேண்டும்.

அப்படியானால் வழிதான் என்ன? அதையும் பாரிஸ் நகரமே காட்டுகிறது. அன்று நால்வரும் லூவருக்குள் போகவில்லை. முற்றத்தில் 1989-ல் திறக்கப்பட்ட கண்ணாடிப் பிரமிடைப் பார்த்தார்கள், அதற்குக் கட்டணமில்லை. துய்லெரி தோட்டத்தின் வழியே நடந்து, கொன்கோர்டு சதுக்கத்தைக் கடந்து, 'பெத்தி பலே' என்னும் சிறிய அரண்மனைக்குப் போனார்கள். 1900-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது அது. இப்போது நகராட்சியின் கலைக்கூடம். நிரந்தரக் காட்சிகளைப் பார்க்க யாருக்கும் கட்டணம் இல்லை. எந்த நாட்டுக்காரர் என்ற கேள்வியும் இல்லை. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் பணம் வாங்குகிறார்கள். பாரிஸ் நகராட்சி 2001 முதல் தன் அருங்காட்சியகங்களில் இந்த முறையைக் கடைப்பிடித்து வருகிறது. நகராட்சியால் முடிந்தது நாட்டின் அரசால் முடியாதா?

லூவர் போன்ற பேரிடத்தை முழுவதும் இலவசமாக்க முடியாது என்றால், எல்லோருக்கும் ஒரே கட்டணம் வைக்கலாம். மாணவருக்கும் வேலையில்லாதவருக்கும் முதியவருக்கும், எந்த நாட்டவரானாலும், சலுகை தரலாம். பதினெட்டு வயதுக்குட்பட்ட எந்த நாட்டுப் பிள்ளையையும் லூவர் இன்றும் இலவசமாகவே அனுமதிக்கிறது. ஆனால் அதற்கு மேல் 25 வயது வரையிலான இளைஞர்களில் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே இலவசம். குழந்தைக்குக் காட்டும் நியாயத்தை இளைஞருக்கும் காட்டினால் போதும். கட்டணத்தில் வித்தியாசம் இருக்கலாம். அது வருவாயையும் வயதையும் பார்த்து இருக்கட்டும், கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்து வேண்டாம். இந்தியத் தொல்லியல் துறைக்கும் இதே யோசனை பொருந்தும்.

மாலையில் நண்பர்கள் ஈபெல் கோபுரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். 1889-ல் எழுப்பியது, உயரம் 330 மீட்டர். மேலே ஏறக் கட்டணம் உண்டு. நின்று பார்க்க யாருக்கும் தடையில்லை. இருட்டியபின் மணிக்கொருமுறை ஐந்து நிமிடம் கோபுரம் முழுவதும் விளக்குகள் மின்னும். அதைப் பார்த்துக்கொண்டு கடலை விற்பவரும் கோடீஸ்வரரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். அண்ணாச்சி நோட்டைப் பிரித்தார். முதல் நாள் கணக்கில் மெட்ரோ ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமே செலவு எழுதியிருந்தது. பார்த்த இடங்களுக்கு நேரே எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் நால்வரும் தலைக்கு 32 யூரோ கொடுத்து லூவருக்குள் போனார்கள். பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை, யாருக்குத்தான் வரும்? ஆனால் ஊர் திரும்பியபின் அவர்கள் முதலில் பேசியது மோனாலிசாவைப் பற்றி அல்ல. உலகமே காசு போட்டுக் கட்டி, உலகத்துக்கே இலவசமாகத் திறந்து வைத்த கோயிலைப் பற்றி. அடுத்த முறை எலிபெண்டா கவுண்டரில் அந்நியர் ஒருவர் நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணும்போதும் அவர்களுக்கு அந்தக் கோயில் நினைவுக்கு வரத்தான் செய்யும்.