எந்த ஆண்டில் எழுதுவது?

பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பெற்றோர் சிலர் நம்மைத் தேடி வருவர். "ஐயா, மருத்துவ நுழைவுத் தேர்வைப் பிள்ளை இவ்வாண்டே எழுதட்டுமா? ஓராண்டு வீட்டிலிருத்திப் பயிற்சி தந்து எழுத வைக்கட்டுமா?" என்பர். அவ் வினாவில் நகையடகும் கடனும் மறைந்திருக்கும்.

1984-இல் புகுந்த மாநில நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அகற்றியது. நடுவணரசின் 'நீட்' 2017-இல் அவ்விடத்தில் வந்தமர்ந்தது. அதன் நேர்மையின்மையில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் நம் போராட்டம் வெல்லும்வரை பிள்ளையின் அகவை காத்து நிற்காது.

பன்னிரண்டாம் வகுப்பு முடியும் அவ்வாண்டே எழுதுக என்பது நம் உறுதியான கருத்து. ஆனால் அம் முடிவைப் பதினோராம் வகுப்பு தொடங்கும் சூன் திங்களிலேயே எடுத்தல் வேண்டும். தேர்வின் 180 வினாக்களும் ஈராண்டுப் பாடங்களிலிருந்தும் வருவன. பதினோராம் வகுப்புப் பாடநூலை மூடிவைத்துப் பன்னிரண்டின் பாடத்தையே ஈராண்டும் உருவேற்றும் பள்ளிகள் உள. அங்குப் பயின்ற பிள்ளை ஒரு கால் கட்டப்பட்டே ஓடுகின்றது. (அப் பள்ளிகளில் முதலில் பறிபோவது தமிழ்ப் பாடவேளையே என்பதை எம்போல்வார் சொல்லவும் வேண்டுமோ!)

தமிழில் பயின்றவர் தமிழிலேயே எழுதுக. வினாத்தாளில் ஆங்கிலமும் உடனிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்க. 2018-இல் 49 வினாக்களின் தமிழாக்கம் பிழைபட்டதென உயர்நயன்மன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரப் பணித்தது. உச்சநயன்மன்றம் அதனை நீக்கிவிட்டது. பிழை அவர்களது, இழப்பு நம் பிள்ளைகளது!

இனி, தவறினால்? மருத்துவச் சேர்க்கையில் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்தோரின் பங்கு 2016-17-இல் ஏறத்தாழ 12 விழுக்காடு. 2020-21-இல் 71 விழுக்காட்டையும் கடந்தது. இது தமிழக அரசு அமைத்த ஏ.கே. இராசன் குழு காட்டிய கணக்கு. காத்திருக்கப் பணமுடையார்க்கே இத் தேர்வு வழிவிடுகின்றது என்பது இதனால் விளங்கும். ஆதலின் மறுமுறை எழுதுதலை இழிவெனக் கருதற்க. நூலிழையில் தவறிய பிள்ளை, தானே விரும்பினால், இன்னும் ஒருமுறை எழுதட்டும். பெற்றோர் விருப்பமே கரணியமாயின் அதுவும் வேண்டா. மூன்றாம் முறையை நாம் ஒப்புக்கொள்வதில்லை.

அவ் விடையாண்டில் பிள்ளையை வீட்டில் அடைத்தலும் தீது. நம் மாணவி ஒருத்தி முதன்முறை தவறியதும் அரசு கல்லூரியில் நிலைத்திணையியல் சேர்ந்தாள். படித்துக்கொண்டே அடுத்த மே திங்களில் மறுபடி எழுதினாள். அம்முறையும் இடம் கிட்டவில்லை. இப்பொழுது மூன்றாமாண்டு படிக்கின்றாள், வீட்டில் கடனில்லை.