கதவைச் சாத்துமுன் கேட்க வேண்டியவை

பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவம் காண மயிலைக்கும், வைகுண்ட ஏகாதசி சேவைக்குத் திருவல்லிக்கேணிக்கும் வெளியூர்களிலிருந்து வரும் பெரியோர் பலர். முன்பெல்லாம் எழும்பூரில் இறங்கினால், பெட்டியை வாங்கிக்கொள்ள உறவினர் யாரேனும் நடைமேடையில் நிற்பார். இன்று அந்த உறவினருக்கும் எழுபது கடந்துவிட்டது. பிள்ளைகளோ வேறு ஊர்களில் இருக்கிறார்கள். ஆதலால் பெரும்பாலோருடைய தரிசனம் வாடகைக் காரை நம்பியே அமைகிறது.

சென்னை ஓட்டுநர்களைப் பற்றி அச்சமூட்டுவது என் நோக்கமன்று. முழங்கால் வலியுடன் இறங்கும் மூதாட்டிக்குக் கை கொடுக்கும் இளைஞர்கள் அவர்களில் ஏராளம். இடையூறாக இருப்பது பெரும்பாலும் நம்முடைய கூச்சமே. “கேட்டால் தவறாக நினைத்துக்கொள்வாரோ” என்று வாய் திறவாமல் ஏறிவிடுகிறோம். கேட்க வேண்டியவற்றைக் கதவு திறந்திருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். வண்டி நகர்ந்தபின் கேட்டால் அது வாக்குவாதமாகிவிடும்.

முதலில் வண்டி எண். கைப்பேசியில் பதிவு செய்த கார் என்றால் அதன் எண் திரையில் வரும். கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் பாராமல் முழு எண்ணையும் ஒப்பிடுங்கள். வாடகைக் காருக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. மின்சார வாடகைக் காருக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோக வண்டிக்குரியது, அதில் ஏறாதீர்கள். நம் பெயரை நாமே முந்திக்கொண்டு சொல்வதும் வேண்டா. “தம்பி, யார் பெயருக்கு வந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டு, அவர் வாயிலிருந்து பெயர் வரட்டும்.

அடுத்து, நான்கு இலக்க எண். வங்கியில் பல்லாண்டு பணியாற்றியவன் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ‘ஓடிபி எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள்’ என்று வங்கிகள் ஓயாமல் எச்சரித்து வந்திருக்கின்றன. அதை நன்றாக மனத்தில் வாங்கிய பெரியவர் ஒருவர், ஓட்டுநர் எண்ணைக் கேட்டவுடன் சினந்து வண்டியையே திருப்பி அனுப்பிவிட்டார். அவருடைய எச்சரிக்கை உணர்வு பாராட்டத்தக்கது; ஆனால் பயணத்திற்கான எண் வேறு, பணத்திற்கான எண் வேறு. பயண எண், பதிவு செய்த செயலியின் திரையிலேயே, வண்டி எண்ணுக்கு அருகில் காணப்படும். அதை ஓட்டுநரிடம் சொன்னால்தான் பயணம் தொடங்கும். வண்டி எண் சரியென்று கண்டபின் தாராளமாகச் சொல்லலாம். வங்கியிலிருந்து குறுஞ்செய்தியாக வருவது பணத்திற்கானது. அதை ஓட்டுநரிடம் மட்டுமன்று, வங்கி மேலாளர் என்று சொல்லிக்கொண்டு எவர் கேட்டாலும் சொல்லலாகாது.

பிள்ளைகள் அயலூரிலிருந்து பதிவு செய்து கொடுப்பதும் உண்டு. அப்போது ஓட்டுநரின் அழைப்பும் அந்த எண்ணும் மகனுடைய கைப்பேசிக்கே போகும். இங்கே அப்பாவும் அம்மாவும் வெயிலில் நிற்பார்கள். பிறருக்காகப் பதிவு செய்யும் வசதி பல செயலிகளில் இருக்கிறது. அதில் உங்கள் எண்ணைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

சேருமிடத்தைச் சொல்வதிலும் நிதானம் தேவை. மாட வீதி மயிலையிலும் உண்டு, திருவல்லிக்கேணியிலும் உண்டு, திருவான்மியூரிலும் உண்டு. “சிவன் கோயில், மாட வீதி” என்று மட்டும் சொன்னால் வண்டி எங்கு வேண்டுமானாலும் போகலாம். கோயிலின் பெயரையும் பேட்டையின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். தென்மாவட்டப் பேருந்தில் வருவோர் இன்னொன்றையும் நினைவில் கொள்க. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின்பு, கோயம்பேட்டை மனத்தில் வைத்துப் போட்ட பழைய கணக்கு உதவாது. கிளாம்பாக்கத்திலிருந்து மயிலை சுமார் 30 கி.மீ.; கட்டணமும் நேரமும் அதற்கேற்றபடிதான் ஆகும். பொழுது விடியுமுன் வந்து சேர்ந்தால், வெளிச்சம் வரும்வரை காத்திருப்பறையிலேயே அமர்ந்திருப்பது உத்தமம்.

சிலர் வந்து நின்றவுடன், “பதிவை ரத்து செய்துவிடுங்கள் ஐயா, அதே தொகைக்கு நான் அழைத்துப் போகிறேன்” என்பார்கள். நயமாகத்தான் சொல்வார்கள். ரத்து செய்துவிட்டால், நீங்கள் அந்த வண்டியில் ஏறியதற்குப் பதிவே இராது. உங்கள் மகள் தன் கைப்பேசியில் வண்டியின் போக்கைப் பார்க்கவும் இயலாது. “வேண்டாம் தம்பி, பதிவுப்படியே போகலாம்” என்று சொல்லுங்கள். மறுத்தால் வேறு வண்டி பார்க்கலாம்.

பாதை சுற்றுகிறதே என்று உடனே ஐயுறவும் வேண்டா. லஸ் பகுதியில் மெட்ரோ ரயில் பணிக்காகப் பாதைகள் மாற்றப்பட்டுள்ளன. உற்சவ நாள்களில் மாட வீதிகளுக்குள் வண்டி நுழையவே இயலாது. அன்று எங்கே இறக்கிவிடுவார் என்பதை ஏறும்போதே பேசிக்கொள்ளுங்கள். திரும்பும்போது கூட்டத்தின் நடுவே நின்று வண்டியை அழைக்காமல், சற்று விலகிப் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரியும் ஒரு கடையின் வாயிலுக்குச் சென்று அழைப்பது நல்லது. உள்ளபடியே அச்சம் தரும் நிலை ஏற்பட்டால் 112 என்ற எண்ணை அழைக்கத் தயங்க வேண்டா.

இறங்கும்போது இடப்பக்கமாகவே இறங்குங்கள். ஒருவர் கதவருகில் நிற்க, மற்றவர் பின்பெட்டியிலிருந்து பைகளை எடுக்கட்டும். எல்லாம் தரைக்கு வந்தபின் பணம் கொடுத்தால் போதும். இருக்கையையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். மூக்குக்கண்ணாடிக் கூடும் மாத்திரைப் பையும் அங்கேதான் தங்கிப்போகும்.

அப்படி ஏதேனும் தங்கிப்போனால் என்ன செய்வது? உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகும் புகார் மனு எழுதித்தரக் கேட்டு என்னிடம் வருவோர் உண்டு. அவ்வாறு வந்த ஒரு தம்பதியர், வாடகைக் காரில் விட்ட பையைத் தேடி, அந்நிறுவனத்தின் உதவி எண் எதுவென்று இணையத்தில் பார்த்திருக்கிறார்கள். கிடைத்த எண் மோசடிக்காரருடையது. மறுமுனையில் பேசியவர் மிகுந்த பணிவுடன் ஒரு செயலியைத் தரவிறக்கச் சொல்லி, பத்து ரூபாய் மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறார். அந்தச் செயலி வழியே அவர்களுடைய கைப்பேசித் திரை முழுவதும் அவருக்குத் தெரிந்தது. அம்மாத ஓய்வூதியம் போய்விட்டது. பையில் இருந்ததோ ஒரு சால்வையும் பிரசாதமும்.

தொலைந்த பொருளுக்கு, பயணம் செய்த செயலியினுள்ளேயே உதவிப் பகுதி இருக்கும். அங்கு மட்டுமே கேளுங்கள். பணம் திரும்பப் பெறுவதற்கு ரகசிய எண்ணை அழுத்த வேண்டியதே இல்லை. அழுத்தச் சொன்னால் அது பணத்தை எடுப்பதற்கே. பணம் போய்விட்டது என்று தெரிந்தால், மானக்கேடென்று மறைக்காமல் அக்கணமே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்து, வங்கிக்கும் சொல்லுங்கள். ஒவ்வொரு நிமிடத் தாமதத்திலும் பணம் கணக்குவிட்டுக் கணக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.

கடைசியாக ஒரு துண்டுச் சீட்டு. தங்குமிடத்தின் முகவரி, உள்ளூரில் தெரிந்த ஒருவரின் எண், பிள்ளையின் எண், உண்ணும் மருந்துகளின் பெயர் ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் இரண்டு பிரதிகள் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டால் இதுதான் துணை. ஒன்று ஐயாவின் சட்டைப்பையில், மற்றொன்று அம்மாவின் கைப்பையில். இரண்டையும் ஒரே பையில் வைத்துவிடாதீர்கள்.