யாருக்கு தம்பி?

எனக்கு அக்கா கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன மாதம் திருவொற்றியூரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் எனக்குத் திடீரென்று ஒரு அக்கா பிறந்துவிட்டாள்.

எங்கள் காட்டுப்பள்ளியில் துறைமுகம் இருக்கிறது, கப்பல் கட்டும் தளம் இருக்கிறது, நாள் பூரா கண்டெய்னர் லாரி ஓடுகிறது. லிப்ஸ்டிக் ஷேடு பார்த்து வாங்க மட்டும் ஊரைவிட்டுக் கிளம்பணும். கிளம்பினேன். சட்டை, பேண்ட், அரைகுறை மீசை. பார்க்கிறவர்களுக்கு நான் பையன். (உள்ளே யார் என்பது வேறு கட்டுரை. இப்போதைக்கு எழுதுவதாக இல்லை.)

"யாருக்கு தம்பி?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"அக்காவுக்கு."

"அக்கா என்ன கலர்?"

"என் கலர்தான்."

என் கையில் போட்டுப் பார்த்திருந்தால் விஷயம் முடிந்தது. ஆனால் அவர் தன் கையில் இழுத்துக் காட்டினார். அவர் நல்ல சிவப்பு, நான் நம்ம ஊர்க் கறுப்பு. அவர் கையில் அழகாக இருந்த ரோஸ், வீட்டுக் கண்ணாடியில் சுண்ணாம்பு தின்றவன் மாதிரி தெரிந்தது. 349 ரூபாய் போச்சு. பிரித்தால் ரிட்டர்ன் கிடையாதாம். பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள் முழங்கை வரை ஐந்தாறு ஷேடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் "யாருக்கு?" என்று கேட்கவில்லை.

எனக்குக் கோபம் அந்தப் பெண்மேல் இல்லைங்க. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர். பெண்கள் பொருள் வாங்கும் இடத்தில் சும்மா வந்து வழிகிற ஆண்கள் உண்டு, அவர் சந்தேகப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வழிகிறவன் அஞ்சு பைசாவுக்கு வாங்க மாட்டான். நான் காசை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆண் எவ்வளவு மேக்கப் வேண்டுமானாலும் வாங்கலாம், வேறு யாருக்கோ என்று பொய் சொன்னால் போதும் என்கிற இந்த ஏற்பாட்டின் மேல்தான் கோபம். எங்கள் ஊர்க் கண்டெய்னருக்கும் பெறுநர் பெயர் வேண்டும்தான், ஆனால் அவர் ஆணா பெண்ணா என்று எந்த கஸ்டம்ஸும் கேட்பதில்லை.

பி.காம் மக்களே, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 ஞாபகம் இருக்கா? காசு கொடுத்துப் பொருள் வாங்குகிறவர் நுகர்வோர். அவர் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர். மீசை பற்றி அதில் ஒரு வரி கிடையாது. 1986 சட்டத்திலும் கிடையாது. அதே 2019-ல் நிறைவேறிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 3-ஆம் பிரிவில், பொதுமக்களுக்கான பொருளோ சேவையோ தர மறுப்பதையும் நியாயமில்லாமல் நடத்துவதையும் பாகுபாடு என்றே எழுதி வைத்தது. சட்டம் அதுபாட்டுக்கு இருக்கிறது, கவுண்டர் இதுபாட்டுக்கு இருக்கிறது.

"மேக்கப் பொம்பளைங்க சமாச்சாரம்டா" என்கிற நண்பர்களுக்கு ஒரு கதை. மும்பை சினிமா மேக்கப் கலைஞர் சங்கம் பல பத்தாண்டுகளாகப் பெண்களை மேக்கப் கலைஞராகச் சேர்க்கவே இல்லை. பெண் என்றால் முடி அலங்காரம் மட்டும். முகத்தில் பூசுகிற வேலை ஆண்களுக்கு. சாரு குரானா என்பவர் வழக்குப் போட்டு, 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது செல்லாமல் போனது. கவனியுங்கள். அந்தப் பெட்டி சம்பளம் தருகிற இடத்தில் ஆம்பளை சமாச்சாரமாக இருந்தது. காசு கொடுத்து வாங்கப் போனால் மட்டும் பொம்பளை சமாச்சாரம் ஆகிவிடுகிறது!

தெருக்கூத்தில் திரௌபதியாக அரிதாரம் பூசி விடிய விடிய ஆடியவர்கள் ஆண்கள். நம் எல்லாருக்கும் குழந்தையில் கண்ணில் மை தீட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துத்தான் போட்டோ எடுத்தார்கள், பையன் என்று விட்டுவிடவில்லை. இன்றைக்கும் ஷிப்ட்டுக்குக் கிளம்பும் எங்கள் தெரு அங்கிள்களின் கழுத்தைப் பாருங்கள். பவுடர் திட்டுத் திட்டாக நிற்கும். அவர்களை யாரும் "யாருக்கு?" என்று கேட்டதில்லை.

கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரியும். பெண்கள் க்ரீமை ஆண்கள் ஒளித்து வைத்துப் பூசுகிறார்கள் என்பதையே விளம்பரமாக்கி, 2005-ல் 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' வந்தது. ஒளிக்காதே என்றா சொன்னார்கள்? வேற ட்யூப் வாங்கு என்றார்கள். அதுவும் வெள்ளையாவதற்கு. கறுப்புத் தோலுக்குப் பொருந்துகிற ஒரு ஷேடு தேடினால் நான் விசித்திரப் பிறவி, வெள்ளையாக க்ரீம் பூசினால் நான் ஹேண்ட்சம் :-)

"ஆன்லைன்ல வாங்கேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் ஒருத்தன். போன் திரையில் தெரிகிற கலர் என் உதட்டில் வராது. பார்சலை என் அம்மாதான் வாங்குவார், பிரித்தும் பார்ப்பார். அதைவிட, யாருக்கும் தெரியாமல் வாங்கு என்பதும், அக்காவுக்கு என்று சொல் என்பதும் ஒரே அறிவுரைதான். வார்த்தை மட்டும் வேறே.

சனிக்கிழமை சாயங்காலம் அதே கடைக்குத்தான் போகிறேன். அடர் பிரவுன் வேண்டும். கேட்டால் "எனக்கு" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டப் போகிறேன். தனியாகப் போகக் கொஞ்சம் உதறலாகத்தான் இருக்கிறது. கிளாஸ்மேட் யாராவது கூட வருவதாக இருந்தால் சொல்லுங்கள், டீ என் செலவு.