இடதுபக்கம் ஏன் மந்தம்?



எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் பல்பு எரியாவிட்டாலும், டி.வி. பாடாவிட்டாலும் "படிக்கிற புள்ளையைக் கூப்பிடு" என்பார்கள். சென்ற பொங்கலுக்கு அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். அம்மா சீட்டுப் பணத்தில் வாங்கித் தந்த பழைய கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரில் வலது பெட்டி முழங்கியது; இடது பெட்டி முனகியது. கடைக்காரர், "செட்டே போச்சு தம்பி, 900 ரூபாய்க்குப் புதுசு வாங்கிடு" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்து அப்பாவிடம் பணம் கேட்டேன்.

அப்பா கொத்தனார். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். "சுவத்துல ஈரம் வந்தா சுவத்தையா இடிப்பாங்க? தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாக்க மாட்டாங்களா?" என்றார். சுருக்கென்றது!

உட்கார்ந்து பார்த்தேன். கம்ப்யூட்டரில் பேலன்ஸ் சமமாகத்தான் இருந்தது. மில்லுக்குப் போகும் அக்காவின் போனில் பின்னைச் சொருகினேன். அப்போதும் இடது மந்தம். ஆக, கம்ப்யூட்டர் மேல் பழியில்லை. இரு பெட்டிகளின் வயர்களையும் இடம் மாற்றினேன். இப்போது வலது பெட்டி முனகியது! பெட்டிகள் நல்லவை; சத்தம் வரும் வழியில்தான் கோளாறு. வால்யூம் குமிழைத் திருகினால் கரகரப்பு. கூட்டினால் இரண்டும் சமமாயின. அகப்பட்டான் குற்றவாளி! அந்தக் குமிழின் அடியில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிக் கார்பன் பாதை உண்டு. ஒன்று தேய்ந்தாலோ, தூசி படிந்தாலோ ஒரு பக்கம் மட்டும் குறையும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்தேன். ஆறு கால் கொண்ட அந்த வால்யூம் கண்ட்ரோலைக் கழற்றிப் புதிதைப் பற்றவைத்தேன். செலவு 30 ரூபாய்!

இதே பொட்டன்ஷியோமீட்டரைப் படம் போட்டுப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியவன் நான். கண்ணெதிரே இருந்தபோது அடையாளம் தெரியவில்லையே, ஏன்? லேபில் நல்ல போர்டை மட்டுமே தொடுகிறோம். ரீடிங் எடுத்து ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டு வருகிறோம். பழுதானவையோ அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. நாங்கள் தொட்டால் கெட்டுவிடும் என்கிறார்கள். ஏற்கனவே கெட்டது இன்னும் என்ன கெடும்?

வாரம் ஒரு மணி நேரம் அந்த அலமாரியைத் திறந்துவிடுங்கள். இதை நம் மாணவர் சங்கம் கோரிக்கையாக வைக்க வேண்டும். சர்டிபிகேட் கைக்கு வந்தால் போதுமா, தொழிலும் கைக்கு வர வேண்டாமா? சிந்திப்போம் தோழர்களே!

– இரண்டாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவன்