விளக்கை விற்பதும் வெளிச்சத்தை வாங்குவதும்

டெண்டர் என்ற சொல் காதில் விழுந்ததுமே நம்மவர் புருவம் நெரிகிறது. நெரியத்தான் வேண்டும்! ஒன்றியப் பகுதிகளின் மின் பகிர்மானத்தைத் தனியாரிடம் ஒப்படைப்போம் என்று 2020 மே திங்களில் தில்லி அறிவித்தது. 2022 செப்டம்பரில் புதுவையின் பகிர்மானத்தைக் கைமாற்ற ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மக்கள் பணத்தில் நட்ட கம்பத்துக்கு மக்களைக் கேளாமலே விலை பேசுவதா என்ற குரல் அன்றும் நியாயம், இன்றும் நியாயம்.

எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இருப்பதை விற்பதற்கும் டெண்டர்தான். இல்லாததை வாங்குவதற்கும் டெண்டர்தான். வீட்டை விற்கும் பத்திரமும், வீட்டுக்கு நெல் வாங்கும் சீட்டும் ஒரே மையால்தான் எழுதப்படுகின்றன. அதற்காக இரண்டையும் கிழித்தெறிவாருண்டோ?

நம் கையில் உள்ளதென்ன? காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம். தேவையோ பல நூறு மெகாவாட்! நெய்வேலியும் கல்பாக்கமும் ராமகுண்டமும் தரும் பங்கினால்தான் நம் விளக்கு எரிகிறது. அந்தக் கம்பியின் கடைசி முனையில் நிற்கிறது பாகூர் உழவரின் பம்புசெட். வில்லியனூர்ச் சிற்றாலையின் எந்திரம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தது. சாய்ந்த கம்பங்களை நிமிர்த்த நாள்கள் பல ஆயின. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. சாத்தனூர் அணை திறக்கப்பட்டுப் பெண்ணையாற்று வெள்ளம் பாகூர்ச் சிற்றூர்களைச் சூழ்ந்தது. அத்தகைய இரவுகளில் சுகாதார நிலையத்துக்கும் குடிநீர் மோட்டாருக்கும் வேண்டிய மின்சாரம் அருகிலேயே சேமிப்பில் இருந்திருந்தால்!

சேமிப்பது நமக்குப் புதிதா? மழைக்காலத்து நீரைத் தேக்கிக் கோடையில் மதகு திறப்பதற்கன்றோ பாகூர் ஏரியை வெட்டினர் முன்னோர்! கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980-களின் இறுதியிலேயே இயங்கத் தொடங்கியது. மின்சாரம் மிகும் நேரத்தில் நீரை மேலே ஏற்றி, தட்டுப்பாட்டு நேரத்தில் கீழே இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். பகல் வெயிலைத் தேக்கி மாலை விளக்குக்குத் தரும் பேட்டரியும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

ஆகவே வாங்கத்தான் வேண்டும். வாங்கும் வகையறிந்து வாங்க வேண்டும்.

குறைந்த விலை கேட்டவருக்கே வெற்றி என்ற ஒற்றை விதி போதாது. குஜராத்தின் முந்திராவில் 4,000 மெகாவாட் நிலையத்தை யூனிட்டுக்கு 2 ரூபாய் 26 காசு என்று கேட்டு 2006-இல் வென்றது டாடா பவர். பின்னர் இந்தோனேசிய நிலக்கரியின் விலை ஏறியது. கட்டணத்தை உயர்த்து என்ற வழக்கும் ஏறியது. வெளிநாட்டு விலையேற்றம் ஒப்பந்தத்திலிருந்து நழுவக் காரணமாகாது என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு கிடைத்தது, மின்சாரம் தடையின்றிக் கிடைத்ததா? இறக்குமதி நிலக்கரி நிலையங்களை முழுத் திறனில் இயக்கவைக்க, 2022 மே திங்களில் மின்சாரச் சட்டத்தின் 11-ஆம் பிரிவையே கையிலெடுக்க நேர்ந்தது ஒன்றிய அரசுக்கு. மலிவு என்று நம்பியவர்கள் பெற்ற பாடம் இது!

அவசரமும் ஆகாது. 2022-இல் ஒன்றிய அரசின் சூரிய ஆற்றல் கழகம் நடத்திய பேட்டரி ஏலத்தில் மெகாவாட்டுக்கு மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் விலை வந்தது. 2024 இறுதியில் மாநில ஏலங்கள் சிலவற்றில் அது 2.5 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அரசு மானியமும் அதற்குத் துணை நின்றது. தேவை முழுவதையும் ஒரே நாளில் நீண்ட கால ஒப்பந்தத்தில் கட்டியிருந்தால், அந்தச் சுமை யார் தலையில் விழும்? நம் தலையில்தான்!

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை. எத்தனை யூனிட் என்பதோடு, எந்த நேரத்து யூனிட் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்படட்டும். மாலை ஆறு மணிக்குத் தர ஒப்பியவர் தராவிடில் அபராதம் கடுமையாகட்டும். கொள்முதல் தவணை தவணையாக நடக்கட்டும். பேட்டரி நிலையங்கள் துணை மின்நிலையங்களின் அருகே, வெள்ள மட்டத்துக்கு மேலே அமையட்டும். ஏரிப் புறம்போக்கையும் நன்செயையும் தொடாதிருக்கட்டும். உற்பத்தி செய்பவர் எவராயினும், கம்பமும் கம்பியும் மீட்டரும் மக்கள் சொத்தாகவே நீடிக்கட்டும்.

ஏலத்தில் வந்த விலையை 63-ஆம் பிரிவின்படி ஏற்கும் பொறுப்பு இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துடையது. அந்த ஆணையம் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் நாளில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தால், பிறகு மேடையில் முழங்கி என்ன பயன்?

கொடி பிடித்த கை கோப்பையும் புரட்டட்டும், தோழர்களே! எதிர்க்க வேண்டியதை எதிர்த்தோம். கேட்க வேண்டியதைக் கேட்டுப் பெறுவதும் போராட்டமே!