ஒளி திறக்கும் கதவு

கத்தி வெட்டும். ஊசி குத்தும். ஒளி துளை போடுமா?

போடும்! லேசர் என்னும் ஒளிக்கதிர் அந்த வேலையைச் செய்கிறது. அது போடும் துளை வழியாக மருந்தையும் தோலுக்குள் இறக்குகிறார்கள் டாக்டர்கள்.

விஞ்ஞானம் தந்த அருமையான கருவி இது. ஆனால் அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நன்மையும் தீமையும்.

கோட்டை மதில்

மனித உறுப்புகளில் மிகப் பெரியது தோல். வளர்ந்த ஒருவருடைய தோலை விரித்துப் போட்டால், ஒருவர் படுக்கும் பாய் அளவு இருக்கும்.

அதன் மேற்புறத்தில் ஒரு படலம் உண்டு. உடம்பின் பெரும் பகுதியில் அது காகிதத்தை விட மெல்லியது. ஆனாலும் அதுதான் உடம்புக்குக் கோட்டை மதில். வெளியே இருக்கும் கிருமியை உள்ளே விடாது. உள்ளே இருக்கும் நீரை வெளியே விடாது.

மதில் பகைவனைத் தடுக்கும். சில சமயம் நண்பனையும் தடுக்கும். களிம்பு தடவினால், அதில் பெரும் பகுதி மேலேயே நின்றுவிடுகிறது. இன்சுலின் போன்ற மருந்து உள்ளே நுழைவதே இல்லை. அதனால்தான் நீரிழிவு நோயாளிகள் இன்சுலினைத் தடவிக்கொள்வதில்லை, ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

இந்த மதிலில்தான் லேசர் வாசல் வைக்கிறது.

பாராமதியில் பிறந்தவர்

1960-ம் ஆண்டு மே மாதம், அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். செயற்கைக் கெம்புக் கல்லிலிருந்து அந்தச் சிவப்பு ஒளி புறப்பட்டது. சின்சினாட்டி நகரத்துத் தோல் டாக்டர் லியோன் கோல்ட்மன் அந்த ஒளியைத் தோலில் செலுத்தி ஆராய்ந்தார். 1963-ல் முடிவுகளை வெளியிட்டார்.

1964-ல் இன்னொரு லேசர் வந்தது. கரியமில வாயுவைக் கொண்டு இயங்குவது அது. அதைக் கண்டுபிடித்தவர் இந்தியாவில் பிறந்தவர்! மராட்டிய மண்ணில் பாராமதி என்ற ஊரில் பிறந்து, புனாவில் என்ஜினீயரிங் படித்து, அமெரிக்கா சென்ற குமார் பட்டேல். அப்போது அவர் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றினார்.

கரியமில வாயு லேசரின் கதிர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர் அதை உடனே உறிஞ்சிக்கொள்ளும். தோலில் தண்ணீர் நிறைய இருக்கிறது. கதிர் பட்ட இடத்தில் அந்தத் தண்ணீர் நொடியில் ஆவியாகிறது. அங்கே ஒரு நுண்ணிய பள்ளம் விழுகிறது.

சல்லடைக் கண்கள்

முன்பெல்லாம் லேசரைக் கொண்டு மேல் தோல் முழுவதையும் சுட்டு எடுத்தார்கள். புண் ஆற நெடுநாள் பிடித்தது.

2004-ல் பாஸ்டன் நகர டாக்டர்கள் புது வழி காட்டினார்கள். முழுவதையும் சுட வேண்டாம்; புள்ளி புள்ளியாகச் சுட்டால் போதும் என்றார்கள். புள்ளிகளுக்கு இடையே நல்ல தோல் அப்படியே இருக்கும். அது புண்ணை விரைவில் ஆற்றிவிடும். பின்னர் கரியமில வாயு லேசரும் இந்த வழிக்கு வந்தது. தோலில் சல்லடைக் கண்களைப் போல நுண்துளைகள் விழுந்தன.

துளை இருந்தால் அதன் வழியே மருந்தை இறக்கலாம் அல்லவா? டென்மார்க் நாட்டுப் பெண் டாக்டர் மெரேட்டா ஹேடர்ஸ்டாலும் அவருடைய குழுவினரும் பன்றித் தோலில் இதைச் சோதித்தார்கள். மருந்து ஆழமாக இறங்கியது. 2010-ல் அதை வெளியிட்டார்கள்.

இதனால் யாருக்கு நன்மை? தீக்காயம் பட்டவர்களை நினைத்துப் பார்த்தால் தெரியும். காயம் ஆறிய பிறகும் தழும்பு தடித்து நிற்கிறது. தோல் இழுத்துப் பிடிக்கிறது. முழங்கை நீளுவதில்லை, விரல் மடங்குவதில்லை. அப்படிப்பட்ட தழும்பில் லேசர் துளை போட்டு, அதை இளக்கும் மருந்தை விடுகிறார்கள். போரில் காயம் பட்ட அமெரிக்கச் சிப்பாய்களின் தழும்புகளுக்கும் லேசர் சிகிச்சை தரப்படுகிறது. தழும்பு அடியோடு மறைந்துவிடாது. ஆனால் இளகும். அன்றாட வேலை கொஞ்சம் எளிதாகும். கைத்தொழில் செய்து பிழைப்பவருக்கு அது சிறிய உதவியா?

லேசர் வழியாகக் கொடுக்க நினைக்கும் மற்ற மருந்துகளில் பல இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கின்றன. இதைச் சர்வரோக நிவாரணி என்று சொல்பவரை நம்பக் கூடாது.

பறிபோன இரண்டு உயிர்கள்

2007 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. லேசரால் முடி நீக்கிக்கொள்ளச் சென்ற இரண்டு இளம் பெண்கள் இறந்துபோனார்கள். ஒருவருக்கு வயது 22. மற்றவருக்கு 25.

அவர்களைக் கொன்றது லேசர் அல்ல. வலி தெரியாமல் இருக்கக் கால்களில் தடவிக்கொண்ட மரப்புக் களிம்பு! தடவிய பின் அதன் மேல் பிளாஸ்டிக் தாளையும் சுற்றிக்கொண்டார்கள். மருந்து அளவு மீறி ரத்தத்தில் கலந்தது. வலிப்பு வந்தது. நினைவு தப்பியது. பிறகு உயிரும் போயிற்று. பக்கத்தில் இருந்து கவனிக்க டாக்டர் இல்லை.

துளையே இல்லாத தோலில் நடந்தது இது. ஆயிரக்கணக்கான துளைகள் போட்ட தோலில் அதே களிம்பைத் தடவினால் என்ன ஆகும்? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே வெறும் பழமொழி அல்ல.

முகப்பூச்சுகளும் அப்படியே. மேலே பூசுவதற்காகச் செய்தவை அவை. அவற்றில் வாசனைப் பொருள் உண்டு; கெடாமல் இருக்கச் சேர்த்த ரசாயனம் உண்டு. தோலின் மேல் அவை தொல்லை தராமல் இருக்கலாம். துளை வழியே உள்ளே இறங்கினால் ஒவ்வாமை வரலாம். கதவைத் திறந்தவருக்கு, எதை உள்ளே விடுவது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

மாநிறத்துக்குத் தனிக் கவனம்

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். சில லேசர்களின் ஒளியை அது பிடித்துக்கொள்ளும். பிடித்தால் சூடாகும். வெள்ளைக்காரருக்கு ஏற்ற அளவில் லேசரை வைத்தால், மாநிறத் தோலும் கறுப்புத் தோலும் சுட்டுவிடும். காயம் ஆறும்போது கறுத்துப் போகும் இயல்பும் இந்தத் தோலுக்கு அதிகம்.

அழகு தேடிப் போனவர் கரும்புள்ளியோடு திரும்புவது இதனால்தான். தோல் டாக்டருக்கு இது தெரியும். ஆகவே எந்த லேசர், எவ்வளவு வலிமை என்று பார்த்து முடிவு செய்கிறார். தேவையானால் முதலில் சிறிய இடத்தில் சோதித்துப் பார்க்கிறார். இயந்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு பலகை மாட்டியவருக்கு இது தெரியுமா?

ஒன்று நிச்சயம். பிறவி நிறம் நோய் அல்ல. வெயிலிலிருந்து தோலைக் காக்கும் குடை அது. குடையைக் கிழிக்கப் பணம் கொடுப்பானேன்?

கேட்க வேண்டிய கேள்விகள்

லேசர் சிகிச்சைக்குப் போகிறவர் தயங்காமல் நான்கு கேள்வி கேட்க வேண்டும். செய்கிறவர் தோல் சிகிச்சையில் பயிற்சி பெற்ற டாக்டரா? தடவும் மருந்து எது, எவ்வளவு? கண்ணைக் காக்கும் கண்ணாடி உண்டா? ஏதாவது தவறு நேர்ந்தால் உடனே கவனிக்க வசதி உண்டா? பதில் சொல்லத் தயங்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

அரசாங்கத்துக்கும் கடமை உண்டு. பயிற்சி இல்லாதவர் கையில் இந்தக் கருவி சிக்காமல் தடுக்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் தீக்காயப் பிரிவுகளில் இது கிடைக்கச் செய்ய வேண்டும். பணக்காரர் முகத்துச் சுருக்கத்துக்கு இருக்கும் லேசர், அடுப்புத் தீயில் வெந்த ஏழைத் தாயின் கைக்கும் கிடைக்க வேண்டும். அந்தக் கை நீண்டால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.