மட் ஃபிளாப் வீண் செலவா?

‘நான்கு வழிச்சாலை வந்த பிறகு காருக்கு மட் ஃபிளாப் எதற்கு? மைலேஜ்தான் குறையும்’ என்கிறார் நண்பர். அவர் பார்ப்பது 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை மட்டும். தருமபுரி மாவட்டம் அதன் ஓரத்தோடு முடிந்துவிடவில்லை. அரூரிலிருந்து சித்தேரிக்கோ, தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்கோ ஒரு மழைநாளில் ஏறிப் பார்க்கட்டும்.

முன்சக்கரம் வாரியிறைக்கும் செம்மண்ணும் ஜல்லியும் கதவின் அடிவிளிம்பைத்தான் அடிக்கும். பெயின்ட் பெயரும்; பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். மைலேஜா? நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் உள்ளங்கை அகல ரப்பர் எவ்வளவு பெட்ரோலைக் குடித்துவிடும்?

வேகத்தடையில் உரசும் என்பது மட்டும் நியாயம். அதற்கு அளவு குறைந்ததை வாங்கலாம். தகட்டில் புதிதாகத் துளையிடாமல், இருக்கும் திருகுத் துளையிலேயே மாட்டச் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. நம் காருக்குப் பின்னால் மொபெட்டில் பால் கேனோடு ஒருவர் வருகிறார். பின்சக்கரச் சேறு அவர் முகத்துக்குத்தான் போகும். அழகு கெடுகிறது என்பவர்கள் அந்த முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசட்டும்.